பிராதும் தாவாவும்: ஒரு சொல்லாய்வு

விருத்தாசலத்தை வெளியூரார் இருவகையில் அறிவர். ஒன்று, பழமலைநாதர் கோயில். மற்றொன்று, பீங்கான் தொழில். இவ்விரண்டுக்கும் அப்பால், சொல்லாய்வில் நாட்டமுள்ளோர் அறியவேண்டிய மூன்றாவது சிறப்பு ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. நகரை அடுத்துள்ள மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' என்றொரு வழக்கம் நிலவுகிறது. களவு கொடுத்தவர், கடன் கொடுத்து ஏமாந்தவர், குடும்பப் பூசலால் நொந்தவர் எனப் பலரும் தம் பெயர், ஊர், குறை ஆகியவற்றை ஒரு தாளில் மனுவாக எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிச் செல்கின்றனர். மூன்று மாதத்திற்குள் குறை தீரும் என்பது அவர்தம் நம்பிக்கை. தீர்ந்தபின் வந்து பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு.

பிற சமயத்தாரின் வழிபாட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அங்கே வழங்கும் அந்த ஒரு சொல்லே நம் கருத்தை ஈர்க்கிறது. நீதிமன்றங்களில் ஏறத்தாழ மறைந்துவிட்ட 'பிராது' என்னும் சொல், பாரசீகத்தில் பிறந்து, நவாபுகளின் கச்சேரிகளில் வளர்ந்து, இன்று ஒரு தமிழ்த் தெய்வத்தின் சந்நிதியில் உயிரோடிருக்கிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்பது சொல்லாய்வாகாது. அது எதை நமக்குக் கற்பித்தது, எதை நாம் மறந்தோம் என்று கேட்பதே ஆய்வு. இக்கட்டுரை அவ்வினாவையே கைக்கொள்கிறது.

பட்டியலும் வரலாறும்

தமிழில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களைப் பட்டியலிடுவது நம் இதழ்களில் நெடுநாளாக நடைபெறும் பணி. வக்கீல், வக்காலத்து, முன்சீப், ஜாமீன், கைதி, ஆஜர், அசல், நகல், ரத்து, ராஜி, பைசல், வசூல் எனப் பட்டியல் நீளும். இறுதியில் தமிழுக்கு இஸ்லாமியர் அளித்த கொடை என்று ஒரு பெருமித வாக்கியம் அமையும். எதிர்த்தரப்பில், இச்சொற்களை எல்லாம் வேற்றுச்சொல் என்று களைந்து, தூய தமிழ்ச் சொற்களை நிறுத்தும் பணி நடைபெறும். பட்டியலிடுவோரும் களைவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே நம் கருத்து. இருசாராரும் சொல்லின் பிறப்பைப் பார்க்கின்றனர். அதன் வாழ்வைப் பார்ப்பதில்லை.

முதலில் பிறப்பையேனும் சரியாகச் சொல்லவேண்டும். நம் அகராதிகள் பலவும் இத்தகைய சொற்களுக்கு 'உருது' அல்லது 'இந்துஸ்தானி' என ஒரே குறியை இட்டுவிட்டுக் கடந்துபோகின்றன. நம்மவர்களோ இவற்றை எல்லாம் அரபு என்று எண்ணிவிடுகின்றனர். பிராது அரபுச் சொல்லன்று. பாரசீகத்தில் 'ஃபரியாத்' என்றால் ஓலம், உதவி கேட்டு எழுப்பும் கூக்குரல் என்பது பொருள். ஃபகீர் என்பது பக்கிரி ஆனதுபோல் ஃபகரம் பகரமாயிற்று. இடையில் நின்ற யகரம் நழுவியது. இறுதி மெய் உகரம் பெற்றது. ஓலமிட்டவரைக் குறித்த 'ஃபரியாதி' என்னும் சொல்லோ கச்சேரியில் வழக்காளியைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இச்சொற்கள் நம் நிலத்தில் வேரூன்றிய வரலாறு தெளிவானது. 1698-இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று. பின்னர் ஆர்க்காடு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகமே ஆட்சி மொழியாக விளங்கியது. 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கர்நாடகப் பகுதியின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறியும் சொற்கள் மாறவில்லை. 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகள் ஏற்பட்டபோது, அப்பதவியின் பெயரே அரபாக இருந்தது. 'நிஸ்ஃப்' என்றால் பாதி. இருதரப்பையும் சரிபாதியாக நிறுத்துபவர் முன்ஸிஃப். முதல் தமிழ் நாவலைப் படைத்த வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் வகித்த பதவி அதுவே. கம்பெனி நீதிமன்றங்களில் பாரசீகத்தின் கட்டாயத்தை 1837-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. எனினும் 1855-இல் எச். எச். வில்சன் நீதி, வருவாய்த்துறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது, அரபும் பாரசீகமும் இந்திய மொழிகளோடு பிரிக்கவியலாதபடி கலந்து கிடந்தன.

இந்தப் பயணத்தில் சில சொற்கள் பொருளில் திரிந்தன. மீண்டும் மீண்டும் கூறுதல் என்னும் பொருள்படும் 'தக்ரார்', தமிழில் தகராறு ஆயிற்று. சொன்னதையே இருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் முடிவு தகராறுதானே! வாக்குறுதி என்னும் பொருள்படும் 'வஅதா', நீதிமன்றத்தில் வாய்தா ஆகித் தள்ளிப்போடுதலைக் குறிக்கலாயிற்று. வாக்குறுதி ஒத்திவைப்பாக மாறிய இக்கதையை வழக்காடி நொந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயரின் சொற்களும் அழுகையில் பிறந்தவையே

கம்பெனியார் பிராது என்பதற்கு நிகராகக் கொண்டது 'பிளெயின்ட்' என்னும் சொல். அதன் மூலத்தைத் தேடினால் வியப்பே எஞ்சுகிறது. மார்பில் அறைந்துகொண்டு புலம்புதலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது அது. பாரசீகத்தில் ஓலம், இலத்தீனில் மாரடிப்பு. இரு நாகரிகங்களும் ஒன்றையொன்று கேளாமலே, நீதிமன்றத்தின் முதற்படியில் அழுகுரலை வைத்தன.

குற்றம் சுமத்துதலைக் குறிக்கும் 'அலெஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இதனினும் பாடம் நிறைந்தது. இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சே வழங்கியது. அம்மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்பதால் 1362-இல், வழக்குரைத்தல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயினும் பிரெஞ்சுச் சொற்கள் தங்கிவிட்டன, நம்மிடம் பாரசீகம் தங்கியதுபோலவே. அலெஜ் என்னும் சொல்லின் வடிவம், 'வழக்கிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய பழம்பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பொருளோ, 'மேற்கோளாக எடுத்துக்காட்டுதல்' என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்து அதனோடு கலந்தது. ஆகவே தொடக்கத்தில் அச்சொல் நீதி அவையின் முன் பொறுப்போடு அறிவித்தலைக் குறித்தது. ஆதாரமின்றிச் சொல்லுதல் என்னும் நிழல் பின்னரே அதன்மேல் படிந்தது.

அக்கால இங்கிலாந்தில் வழக்குத் தொடுப்பவர் தம் சொல்லுக்குத் துணைநிற்கும் ஆட்களை உடன் அழைத்துவரவேண்டும் என்பது விதி. வெறும் வாய்ச்சொல்லுக்கு எதிராளி விடையிறுக்கக் கடமைப்பட்டவரல்லர். காலப்போக்கில் அவ்விதி வெறும் வாசகமாகத் தேய்ந்தது. துணையாட்கள் போனபின் சொல் மட்டும் எஞ்சியது. சொல்லுக்குப் பின்னால் நின்ற பொறுப்பும் மெல்லத் தளர்ந்தது. இன்று ஆங்கில நாளேடுகளில் அச்சொல், எழுதுபவர் தம்மைக் காத்துக்கொள்ளும் கேடயமாகவே பெரிதும் பயன்படுகிறது. தன்னை விடுவித்துக்கொள்ளுதல் என்னும் பழம்பொருளுக்கே அது திரும்பிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தாவா: உரிமை கோருபவரின் சுமை

பிராது பாரசீகம் எனில், தாவா அரபு. நம் மாணவர் ஒருவர், பத்திர அலுவலகத் தாளில் 'தாவா' என்னும் சொல்லைக் கண்டு, மார்க்க அழைப்புப் பணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவினார். வினா நியாயமானதே. இறைநெறிக்கு அழைப்பதும் தஃவா. பிறரிடம் உரிமை கோருவதும் தஃவா. முன்னது வட்டத் தாவில் முடியும். பின்னது குறுகிய அலிஃபில் முடியும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. இறைவனிடம் இறைஞ்சும் துஆவும் இதே வேர்ச்சொல்லில் முளைத்ததே. மூன்றுக்கும் அடிப்படைப் பொருள் அழைத்தல். இறைவனை அழைத்தால் துஆ. மக்களை அழைத்தால் அழைப்புப் பணி. எதிராளியை அவைக்கு அழைத்தால் தாவா.

ஆயினும் ஃபிக்ஹு நூல்கள் இவ்வழைப்பைக் குரலாகவே விட்டுவிடவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அல்உம்மு' நூலில் உரிமைக் கோரிக்கைகளும் சான்றுகளும் ஒரே தலைப்பின்கீழ் இணைத்து ஆராயப்படுகின்றன. இவ்விணைப்பே ஒரு கொள்கை. உரிமை கோருபவரே சான்று கொண்டுவர வேண்டும். மறுப்பவரிடம் கேட்கப்படுவது சத்தியமே. சான்றைக் குறிக்கும் 'பய்யினா' என்னும் சொல்லுக்குத் தெளிவாக்குவது என்பது பொருள்.

ஹனஃபி மரபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயா இன்னும் நுட்பமாகச் செல்கிறது. மர்கீனானீ (ரஹ்) இயற்றிய அந்நூலைச் சார்லஸ் ஹாமில்டன் 1791-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கம்பெனி நீதிமன்றங்கள் அம்மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருந்தன. வழக்கின் இருதரப்பாரை அந்நூல் எவ்வாறு பிரிக்கிறது என்பது நோக்கத்தக்கது. வழக்கைக் கைவிட்டால் யாரும் அவரை வற்புறுத்தமாட்டார்களோ அவர் வாதி. விட்டுவிலக எவருக்கு உரிமையில்லையோ அவர் பிரதிவாதி. எளிய வரையறைதான். ஆனால் இதனுள் ஓர் அறம் அடங்கியுள்ளது. வாதி தம் விருப்பத்தால் வருகிறார், பிரதிவாதி இழுத்துவரப்படுகிறார். விருப்பத்தால் வந்தவர்மீது சுமையை வைப்பதே நீதி. மேலும், கோரப்படும் பொருளின் வகையும் அளவும் குறிப்பிடப்படாத தாவாவை ஏற்கலாகாது என்றும் அந்நூல் விதிக்கிறது. இன்று நடைமுறையிலுள்ள 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் வழக்குரையில் வழக்கெழு காரணமும் கோரும் பரிகாரமும் தெளிவுற எழுதப்பட வேண்டும் என்கிறது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் சுமையைக் கூறுபவர்மீதே வைத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள புதிய சட்டமும் அக்கொள்கையைக் கைவிடவில்லை.

தமிழ் மரபின் இரு வழக்குகள்

இக்கொள்கை அரபு மண்ணுக்கோ ஆங்கிலேயருக்கோ மட்டும் உரியது என்று கருதினால் தமிழை அறியாதவராவோம். சேக்கிழார் பாடிய சுந்தரர் வரலாற்றைக் காண்க. மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். ஓலையைக் காட்டியபோது சுந்தரர் அதைப் பற்றிக் கிழித்துவிடுகிறார். அது படி, மூல ஓலை வேறு உண்டு என்கிறார் முதியவர். நவாபு காலச் சொல்லில் கூறினால், கிழிந்தது நகல், இருப்பது அசல். வழக்கு நம் வட்டாரத்தை ஒட்டிய திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் முதியவரின் தோற்றத்துக்கு மயங்கவுமில்லை. சிற்றரசரின் அன்புக்குரிய இளைஞர் என்று சுந்தரருக்கு இரங்கவுமில்லை. கோருபவரிடம் சான்று கேட்டனர். ஓலையிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தை அவரது வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டனர். பின்னரே முடிவு கூறினர். வந்தவர் இறைவனே என்பது சைவரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையின்படியும், இறைவனிடமே ஆவணம் கேட்ட அவை அது.

மற்றது சிலப்பதிகாரம். பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்றான். பாண்டியன் சான்று கேட்கவில்லை, ஏவலரைத்தான் அனுப்பினான். ஒருவன் சொல் மற்றொருவனின் உயிரைக் குடித்தது. பின்னர்க் கண்ணகி கண்ணீரோடு வாயிலில் வந்து நின்றாள். அது ஓலம்; முழுமையான பொருளில் பிராது. ஆனால் அவள் ஓலத்தோடு நிற்கவில்லை. கையில் எஞ்சிய சிலம்பைக் கொண்டுவந்தாள். சிலம்பினுள் இருப்பது மாணிக்கமா முத்தா என்பதே வழக்கின் முடிவாயிற்று. பொற்கொல்லன் செய்தது சான்றில்லாத குற்றச்சாட்டு. கண்ணகி செய்தது சான்றோடு வந்த கூக்குரல். வழக்குரை காதை இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் காதை என்றே நாம் வாசிக்கிறோம்.

சொல்பவர் இல்லாத சொல்

இனி நம் காலத்துக்கு வருவோம். பிராதின் இடத்தில் முறையீடு, புகார், வழக்குரை முதலியன வந்துவிட்டன. அதில் நமக்கு வருத்தமில்லை. வழக்குரை அழகிய சொல், சிலம்பின் மணம் உடையது. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. 'கூறப்படுகிறது', 'சொல்லப்படுகிறது', 'குற்றச்சாட்டு எழுந்துள்ளது' என்னும் தொடர்கள் இன்றைய செய்தி நடையில் மலிந்துவிட்டன. யார் கூறினார்? யார் சொன்னார்? குற்றச்சாட்டு என்ன, தானாகவே தரையிலிருந்து எழும் புகையா? அரபு இலக்கணத்தில் தாவா என்றால் 'முத்தஈ' என்றொருவர் இருந்தே தீரவேண்டும். பெயரற்ற கோரிக்கையை எந்தக் காழியும் கையில் வாங்கமாட்டார். செயப்பாட்டு வினையோ கோருபவரை மறைத்துவிட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் பெயர் சொல்லி நிறுத்துகிறது.

நாளேடுகளைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. பல்லாண்டுகளுக்குமுன், ஒரு சிற்றூர் ஜமாஅத்தின் கூட்டத்திற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். அவ்வூர் மக்தபில் ஓதிக்கொடுத்துவந்த உஸ்தாத் ஒருவர் சந்தாப் பணத்தில் கையாடல் செய்தார் என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை, தொகை இல்லை, நாள் இல்லை. ஹிதாயாவின் அளவுகோலில் அது தாவாவே அன்று. அதைப் பாடம் நடத்தும் நாமும் அவையில் இருந்தோம். கடிதம் உரக்க வாசிக்கப்பட்டது. எதற்கு வம்பு, அவரே விலகிவிடட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் மறுத்துப் பேசவில்லை. அந்த வாரமே அவர் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டுப் போனார். சில மாதங்களுக்குப்பின் காணாமற்போன இரசீதுப் புத்தகம் அலுவலக அலமாரியிலேயே கிடைத்தது. கணக்கு ஒரு ரூபாயும் பிசகவில்லை. அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. தீர்மானத்தோடு நின்றது.

கொளஞ்சியப்பர் கோயிலில் தொங்கும் தாள்களை நினைக்கும்போதெல்லாம் அக்கடிதம் நம் நினைவுக்கு வருகிறது. அத்தாளில் எழுதியவரின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. நம் அவையில் வாசிக்கப்பட்ட கடிதத்தில் அவை இல்லை. பிராது என்னும் சொல்லின் இலக்கணத்தை அவர்கள் காத்தார்கள். தாவாவின் இலக்கணத்தை நாம் கைவிட்டோம்.

இதை நமக்குக் கற்பிக்க மறை தவறவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 4-ஆம் வசனம், ஒழுக்கமுள்ள பெண்கள்மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்க்குத் தண்டனை விதிப்பதோடு, அவர்தம் சாட்சியத்தையும் இனி ஏற்கலாகாது என்கிறது. அங்கே பழி கூறுதலுக்கு ஆளப்படும் வினைச்சொல்லின் நேர்ப்பொருள் எறிதல். கோரிக்கைக்கு அழைத்தல், பழிக்கு எறிதல். அழைப்பவர் எதிராளியின் விடைக்குக் காத்திருப்பார், எறிபவர் காத்திருப்பதில்லை. அதே அத்தியாயம், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் ஏறத்தாழ ஒரு மாதகாலம் உலவிய அவதூற்றைக் கண்டிக்கும்போது, கட்டியவர்களை மட்டுமன்றி, கேட்டு வாய்மாற்றிப் பரப்பியவர்களையும் கண்டிக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு பணிக்கிறது. அதில் வரும் சொல்லும் பய்யினா என்னும் சொல்லும் ஒரே வேரின.

இதனால், சான்று இல்லாதவர் வாய் திறக்கலாகாது என்று யாரும் பொருள் கொள்ளவேண்டா. எளியவரிடம் ஆவணம் இராது. பெண்களுக்கு நேரும் கொடுமைக்குப் பெரும்பாலும் சாட்சி இராது. அல்முஜாதலா அத்தியாயம் ஒரு பெண்ணின் முறையீட்டில்தான் தொடங்குகிறது. கணவரைப் பற்றி வாதாடி இறைவனிடம் குறையிரந்த அப்பெண்மணியின் குரல் வானத்தில் கேட்கப்பட்டது என்பதே அதன் முதற்செய்தி. ஓலத்தைக் கேட்பது ஒரு கடமை. ஓலத்தையே தீர்ப்பாகக் கொள்ளாதிருப்பது மற்றொரு கடமை. சான்று தேடும் உழைப்பை அழுதவரின் தலையில் மட்டும் போடாமல் அவையும் பங்கேற்பது மூன்றாவது கடமை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அந்த அலமாரியைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் போதும்.

பிராது, தாவா, பய்யினா ஆகிய மூன்றும் நீதியின் மூன்று படிகள்: குரல், கோரிக்கை, தெளிவு. நம் ஊர்ப் பீங்கான் கூடங்களில் சூளை காணாத பச்சைக் கிண்ணத்தை யாரும் சந்தைக்கு அனுப்புவதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பது வேலைக்குப் புதிதாக வந்தவருக்கும் தெரியும். மனிதரின் மானத்தைப் பற்றிய சொல்லில் அந்த எச்சரிக்கைதானும் நமக்கு வேண்டாவா? தமிழில் எத்தனை அரபுச் சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பெருமை கொள்வதை இனி நிறுத்திக்கொள்வோம். அச்சொற்களில் ஒன்று விதித்த ஒழுங்கையேனும் நம் அவைகளில் கடைப்பிடித்தோமா என்று கேட்போம். பெயரில்லாத கடிதம் வரும்போது, பிரிக்காமலே இதற்கு முத்தஈ யார் என்று வினவும் ஒருவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்பாராயின், அந்நியச் சொல்லா சொந்தச் சொல்லா என்னும் தகராறே தேவைப்படாது.